ஆளில்லாத காடா?

கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சுற்றுலா அழைக்கும் வண்ணப் படங்களைத் தோழியர் பலரும் பார்த்திருப்பீர்கள். சிங்கம் உறங்கும், வரிக்குதிரை மேயும், பின்னே கிளிமஞ்சாரோவின் பனிமுடி மின்னும். மனிதர் மட்டும் ஒருவரும் இரார். அந்தப் படம் பாதிப் பொய் என்பதே என் கருத்து.

தான்சானியா நாட்டுச் செரங்கெட்டியை எடுத்துக்கொள்வோம். 'முடிவில்லாச் சமவெளி' எனப் பொருள்படும் அப்பெயரே மாசாய் மக்களின் மொழியிலிருந்து வந்ததுதான். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டெபீஸ்ட் விலங்குகள் மழையைத் தேடி ஆண்டுதோறும் சுற்றிவரும் அப்புல்வெளியில் மாசாய் மக்களின் மாடுகளும் மேய்ந்து வந்தன. காட்டு விலங்கை உண்பது அவர்கள் வழக்கமன்று. பாலும் மந்தையுமே அவர்கள் வாழ்வு. விளையாட்டுக்காகச் சிங்கங்களைச் சுட்டுத் தள்ளியவர்களோ, துப்பாக்கியோடு வந்த வெள்ளைத் துரைமார்கள்! ஆயினும் 1951-இல் தேசியப் பூங்கா அமைந்தபின், 1959-இல், ஆங்கிலேயர் ஆட்சியிலேயே, வெளியேற்றப்பட்டவர்கள் மாசாய் மக்கள். இது என்ன நியாயம்?

அன்று அவர்களுக்கென விடப்பட்டது அடுத்திருக்கும் நுகோரோங்கோரோ. எரிமலையொன்று தன்னுள்ளேயே சரிந்ததால் உண்டான மாபெரும் கிண்ணம் அங்கிருக்கிறது. ஆழம் சுமார் 600 மீட்டர். அடித்தளம் ஏறத்தாழ 260 சதுர கிலோமீட்டர். யானை, காண்டாமிருகம், பூநாரை எல்லாம் அதனுள் உண்டு. மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழலாம் என்பதே அங்கு ஏற்பாடு. 1970-களிலேயே கிண்ணத்துக்குள் குடியிருந்தோர் அகற்றப்பட்டனர். பயிரிடவும் தடை வந்தது. 2022 முதலோ, தொலைதூரத்து எம்சொமேரா என்னும் ஊருக்குக் குடும்பங்களை அனுப்பி வருகிறார்கள். விரும்பியே போகிறார்கள் என்கிறது அரசு. பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் பணத்தைக் குறைத்துவிட்டு விருப்பம் என்று சொல்லலாமா என்று கேட்கிறார்கள் அம்மக்கள்.

அரசின் கவலையில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். 1959-இல் சுமார் எட்டாயிரம் பேர் இருந்த இடத்தில் பின்னர் ஒரு லட்சத்துக்கும் மேல் பெருகினர். மந்தைகள் கூடினால் புல் தாங்குமா? ஆனால் கிண்ணத்தின் விளிம்பில் சொகுசு விடுதிகள் நிற்கின்றன. பயணிகளின் வண்டிகள் நாள்தோறும் உள்ளே இறங்குகின்றன. இவையெல்லாம் காட்டுக்குப் பாரமில்லை, மாடு மட்டுமே பாரம் என்பதைத்தான் என் மனம் ஏற்க மறுக்கிறது.

எனக்கும் அங்கே போக ஆசைதான், பொய் சொல்வானேன்! கிளிமஞ்சாரோவைவிட அந்தக் கிண்ணத்தையே முதலில் பார்க்க விரும்புகிறேன். அன்று வழிகாட்டி சிங்கத்தைத் தேடிக் கொண்டிருக்கும்போது, இங்கே வீடு கட்டியிருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்பேன்.