கோலாவும் ஊர்விலக்கும்

ஒரு பொருளை வாங்க மறுப்பது தனிமனிதனின் மனச்சாட்சி செய்யும் காரியம் என்று நம் நண்பரொருவர் தொடர்ந்து எழுதிவருகிறார். அவர் யாரென்பது இதைப் படிக்கப்போகும் அறுபது பேருக்கும் தெரியும். பிரக்ஞை, தேர்வு, எதிர்ப்பு என்ற மூன்று சொற்களை இடம் மாற்றி மாற்றி அடுக்கி அவர் எழுப்பியிருக்கும் கட்டிடத்தில் கடைவீதிக்கு மட்டும் இடமில்லை. அவர் தரும் உதாரணம் 2017ம் வருஷத்துக் கோலா பகிஷ்காரம். அதில் நானும் இருந்தேன். எனவே சொல்ல எனக்குப் பாத்யதை உண்டு.

அந்த ஜனவரியில் தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய கூட்டம் அந்நியப் பானங்கள் மீதும் திரும்பியது. வணிகர்களின் இரு பெரும் அமைப்புகள் மார்ச் 1 முதல் பெப்ஸியும் கோக்கும் விற்பதில்லை என்று அறிவித்தன. உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பாங்க் முடிந்து டீக்கு நிற்கிற நானும் பொவொண்டோ வாங்கிக் குடித்தேன். என்ன இழந்தேன்? ஒன்றுமில்லை. விருதுநகரில் 1916ல் தொடங்கிய காளிமார்க்கின் சரக்கு, தித்திப்பில் மற்றதற்குக் குறைந்ததல்ல. கடைக்காரர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். சுற்றி நின்றவர்கள் கவனித்துக்கொண்டிருந்தார்கள். கோக் கேட்பதற்குத்தான் அன்று தைரியம் வேண்டியிருந்தது.

காளைக்கும் கோலாவுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. தாமிரபரணித் தண்ணீர் கங்கைகொண்டான் ஆலைகளுக்குப் போவது நிஜமான பிரச்னை. ஆனால் அதற்கெதிரான மனுக்களை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தள்ளுபடி செய்தது மார்ச் 2ந்தேதி, பகிஷ்காரத்தின் மறுநாள். மனச்சாட்சிதான் காரணமென்றால் அன்றைக்கல்லவா அது கொதித்திருக்க வேண்டும்? எங்கள் கடைவீதியில் அதை யாரும் பேசிக்கூட நான் கேட்கவில்லை. பழைய பாட்டில்களும் வெகுகாலம் வெளியே இருக்கவில்லை, திரும்பி வந்து ஐஸ்பெட்டியில் உட்கார்ந்துகொண்டன.

ஆங்கிலம் படித்த நம்மவர்கள் 'பாய்காட்' என்ற சொல்லின் பிறப்பையாவது பார்த்திருக்கலாம். 1880ல் அயர்லாந்தின் மேயோ பகுதியில் எர்ன் பிரபுவின் நிலங்களை நிர்வகித்தவர் கேப்டன் பாய்காட். குத்தகை விவசாயிகள் அவர் சரக்கையல்ல, அவரையே விலக்கினார்கள். அறுவடைக்கு ஆள் வரவில்லை. கடைக்காரர் சாமான் தரவில்லை. அல்ஸ்டரிலிருந்து ஐம்பது பேரைக் கொண்டுவந்து, பட்டாளத்தின் காவலில் அறுவடை செய்ய வேண்டியதாயிற்று. வருஷ முடிவில் அவர் அயர்லாந்தைவிட்டே போய்விட்டார். சந்தைக்கு முன்பே அந்தச் சொல் கிராமத்துக்கு உரியது. நம் பாஷையில் அதற்குப் பெயர் தள்ளிவைத்தல்.

அது எனக்குத் தெரியும். சிறுவயதில் என் அம்மாவின் ஊரில் ஒரு குடும்பத்தைத் தள்ளிவைத்தார்கள். பெட்டிக்கடையில் அவர்களுக்குத் தீப்பெட்டி கிடையாது, கொடுத்தவனுக்கு அபராதம். அந்த வீட்டுப் பையன் லீவுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு விளையாட்டுத் தோழன். அவனோடு பேசாதே என்று யாரும் எனக்குச் சொன்னதாக ஞாபகமில்லை. நான் பேசவில்லை. ஏன் சேர்கிறார்கள் என்று நண்பர் பக்கம் பக்கமாக ஆராய்கிறார். நான் அப்படித்தான் சேர்ந்தேன், பத்து வயதில், ஒரு காரணமும் இல்லாமல். 2017ல் பொவொண்டோவைக் கையில் வாங்கியபோது உள்ளே இருந்த சுகம் எனக்குப் புதிதல்ல. எல்லாரும் ஒரு பக்கம், நானும் அந்தப் பக்கம்.

எங்கள் வட்டாரத்தில் இந்தப் பயிற்சி ஆழமானது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996ல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதும், தேர்தலையே ஒழுங்காக நடக்கவிடாமல் பத்து வருஷம் ஒதுக்கிவைத்தார்கள். 2006ல்தான் தேர்தல் முறையாக நடந்தது. ஒத்துழையாமை, கட்டுப்பாடு, ஒற்றுமை என்று நண்பர் கோலாவுக்குத் தரும் விசேஷணங்களில் எது இதற்குப் பொருந்தாது? மேயோவில் எளியவன் வலியவனுக்குச் செய்ததை இங்கே வலியவன் எளியவனுக்குச் செய்தான். ஆயுதம் ஒன்றே. அதை 'மனச்சாட்சி' என்று பெயரிட்டு மெழுகிவிட்டால், யார் மேல் விழுகிறது என்ற கேள்வி எழுவதே இல்லை.

பகிஷ்காரமே வேண்டாமென்பது என் கட்சியல்ல. அந்நியத் துணியை விலக்கச் சொல்லிப் போன காந்தியிடம், கதர் வாங்க எங்களுக்கு வசதியில்லை என்று ரயிலில் ஏழைகள் சொன்னார்கள். 1921 செப்டம்பர் 22ந்தேதி மதுரை மேலமாசி வீதியில் அவர் முழ வேட்டிக்கு மாறினார். விலக்கச் சொன்னவர் அதன் விலையைத் தன் உடம்பிலிருந்து கழித்துக்கொண்டார். நமக்கோ ஒரு பானத்துக்குப் பதில் இன்னொரு பானம். மேலே ஒரு கட்டுரை.

நண்பர் அடுத்த இதழில் பதில் எழுதுவார். எழுதட்டும். பெப்ஸியை விட்டுவிட்டுத் தன் ஊர் டீக்கடையைப் பற்றி எழுதட்டும். அங்கே கிளாஸ் எத்தனை வகை, அந்தக் கடையில் டீ குடிப்பதை அவர் எந்த வருஷம் நிறுத்தினார் என்று.