மாலை போட்டது போதும், வழியும் சொல்லுங்கள்

மலேசியாவின் தாப்பா வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பட்டதாரிகள். வீட்டின் முதல் பட்டதாரி என்றால் கோயிலில் மாலை, பொன்னாடை, நாளிதழில் படம். ஆறு மாதம் கழித்து விசாரித்தால், படிப்புக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு வேலையில் அந்தப் பிள்ளை ஒட்டிக்கொண்டிருக்கும். மதிப்பெண் குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. எந்த நிறுவனம் ஆள் எடுக்கிறது, தொடக்கச் சம்பளமாக எவ்வளவு கேட்கலாம், நேர்முகத்தில் எதைத் துருவுவார்கள் என்று சொல்ல வீட்டில் ஆளில்லை.

தாப்பாவிலேயே மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகம் உண்டு, அது பூமிபுத்ராக்களுக்கானது. நம் பிள்ளைகள் சிந்தோக், கூச்சிங், கோத்தா கினபாலு என்று சிதறிப் படிக்கிறார்கள். வேலை தேடும்போது அந்தச் சிதறலே கைகொடுக்கும். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் அமெரிக்காவின் நியூட்டன் நகரில் விசாரித்தபோது, பாதிக்கு மேற்பட்டோர் தெரிந்தவர் மூலமே வேலை பெற்றிருந்தார்கள். அந்தத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் எப்போதாவது சந்திப்பவர்கள். ஒரே லயத்தில் வளர்ந்த நண்பனுக்கு நமக்குத் தெரிந்ததுதானே தெரியும்! அதனால் நம் பிள்ளைகள் கூடப் படிக்கும் மலாய், சீன நண்பர்களையும் கைவிடக் கூடாது.

உடனே சிலர் 'கேபிள்' வேண்டும் என்கிறீர்களா என்பார்கள். தகுதியில்லாதவரை உள்ளே தள்ளுவது கேபிள். ஆள் தேவை என்ற செய்தியை நேரத்தோடு சொல்வது வேறு. நம் முன்னோர் பலர் மலாயா வந்ததும் கங்காணியின் அறிமுகத்தில்தான். ஆனால் அவர் தலைக்கு இவ்வளவு என்று காசு பார்த்தார். முன்பணக் கடனில் ஆளைக் கட்டிப்போட்டார். ஈராண்டு முன்னால் படித்து முடித்து, இன்று வேலைச் செய்தி சொல்லும் அண்ணனோ அக்காவோ அப்படி எதுவும் கேட்கப் போவதில்லை.

மூத்தவர் இளையவருக்கு வழிகாட்டும் இந்த முறைக்கு முன்மாதிரியும் நம்மிடமே உண்டு. 1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தில், பல்கலைக்கழக மாணவர்கள் தோட்டப்புறப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். பல்கலைக்கழக வாசல்வரை கொண்டுவிட்ட அந்த ஏற்பாடு, அலுவலக வாசல்வரை நீள வேண்டும்.

ஆகவே கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கங்களும் பரிசளிப்பு விழாச் செலவில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கட்டும். யார் எங்கே என்ன வேலையில் இருக்கிறார் என்ற பட்டியல்தான் முதல் தேவை. தஞ்சோங் மாலிம் புரோட்டோன் ஆலையில் இருக்கும் ஒரு பொறியியலாளரிடம் தாப்பா மாணவி தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் முன்பே பேசிப் பார்க்க முடிய வேண்டும். பட்டம் வாங்கியபின் பேசினால் பாதிப் பயன் போய்விடும். மாணவி என்று சொல்லக் காரணம் உண்டு: பையன்களுக்குக் காற்பந்துத் திடலிலேயே மூத்தவர்களோடு இந்தப் பழக்கம் அமைந்துவிடுகிறது, பெண்பிள்ளைகளுக்கு யாராவது ஏற்படுத்தித் தர வேண்டியிருக்கிறது.

பட்டியல் அரசியல்வாதிகள் கைக்குப் போகவேண்டாம். புதிதாக வேலைக்குப் போனவர்களே அதைப் பராமரிக்கட்டும். தீபாவளிக்கு எல்லாரும் ஊர் திரும்பும் வாரத்தில் முதல் கூட்டத்தை வைக்கலாம், பொன்னாடை இல்லாமல்.