கை வெந்தால் வேலையும் போகணுமா?

கடம்பூர் என்றதும் எல்லோருக்கும் போளிதான் ஞாபகம் வரும். அந்தப் போளியைத் தட்டுகிற கையை யாராவது நினைத்தது உண்டா?

இந்தக் கரிசல் சீமையே கையை நம்பிப் பிழைக்கிற சீமை. மழை பெய்தால் பருத்தி, உளுந்து. மழை ஏமாற்றினால் தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். கை ஓடினால்தான் அடுப்பு எரியும்.

பாதி வைத்தியம்

தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து பற்றி, வலது கை வெந்து விடுகிறது. கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். அங்கிருந்து தூத்துக்குடி அல்லது பாளையங்கோட்டை. டாக்டர்கள் உயிரைக் காப்பாற்றி விடுகிறார்கள். புண்ணும் ஆறுகிறது. "வீட்டுக்குப் போகலாம்மா" என்கிறார்கள்.

கஷ்டம் அதற்கு அப்புறம்தான் ஆரம்பம்! வெந்த தோல் ஆறும்போது சுருங்கி இறுகும். மாதக்கணக்கில் இறுகும். விரலை நேராக நிறுத்திப் பட்டை கட்டி, தினமும் பயிற்சி கொடுக்காவிட்டால் மடங்கியது மடங்கியதுதான்.

"இந்தக் கையை வச்சு எப்படிம்மா கட்டை அடுக்குவே?" என்று கணக்குப்பிள்ளை கேட்டால், அவள் என்ன பதில் சொல்வாள்? நஷ்டஈடு கிடைத்தாலும் அது எத்தனை நாளைக்கு?

சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது. பணியில் இருக்கும்போது ஊனம் வந்தால் வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்கிறது. தீப்பெட்டி ஆபீஸ்காரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

வேலையே மருந்து

இதற்கென்றே ஒரு வைத்தியம் இருக்கிறது. "ஆக்குபேஷனல் தெரபி" என்று பெயர். தொழில் வழிச் சிகிச்சை என்று சொல்லலாம். கை எவ்வளவு மடங்குகிறது என்று பார்ப்பதோடு இவர்கள் நிற்பதில்லை. "உனக்கு என்ன வேலை? அதில் எந்த விரல் எதைப் பிடிக்கணும்?" என்று கேட்பார்கள். முதல் நாள் கால் மணி நேரம், அப்புறம் அரை மணி, பிறகு அரை நாள் என்று அந்த வேலையையே பழக்குவார்கள். கை பழைய நிலைக்கு வராவிட்டால் கருவியின் பிடியைத் தடிமன் ஆக்குவார்கள். மேஜையை உயர்த்துவார்கள்.

புது சங்கதி அல்ல இது. வேலூரில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். குணமானவர்களே திரும்பி வந்து புலம்பினார்கள். கை நேரானதும் பிச்சை விழவில்லை. வேலையும் யாரும் தரவில்லை! உடனே 1951-ல் அவர்களுக்குத் தச்சு வேலை பழக்க ஓர் இடம் ஏற்படுத்தினார்.

நம் பக்கத்திலேயே தென்காசி அருகே ஆய்க்குடி இருக்கிறது. 1975-ல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் எஸ்.ராமகிருஷ்ணன். அவர் 1981-ல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கி, எத்தனையோ பேரைச் சொந்தக் காலில் நிற்க வைத்தார்.

மாணவர்கள் வரட்டும்!

இந்தப் படிப்பு படிக்கும் மாணவர்கள் குறைந்தது 1,000 மணி நேரம் நோயாளிகளோடு நேரடிப் பயிற்சி பெற வேண்டும் என்பது உலக சம்மேளனத்தின் விதி. இதில் ஒரு பங்கை ஏன் கோவில்பட்டி வட்டாரத்தில் கழிக்கக்கூடாது?

பட்டணத்து ஆஸ்பத்திரியில் பலகையில் முளை குத்திப் பழக்கினால் போதாது. தீப்பெட்டிச் சட்டத்தில் குச்சி அடுக்க விரல் என்ன பாடு படுகிறது என்று மாணவர் கண்ணால் பார்க்க வேண்டும். போளி அடுப்பின் சூட்டில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். அப்போதுதான் நம்ம ஊர்க் கைக்கு ஏற்ற வைத்தியம் வரும்.

ஆனால் மாணவர்களைத் தனியே அனுப்பிவிட்டுக் கையைக் கழுவக்கூடாது. கூடவே அனுபவம் உள்ள ஆசிரியர் ஒருவர் இருக்க வேண்டும். மூன்று மாதத்தில் மாணவர் ஊருக்குப் போனாலும், நோயாளியைத் தொடர்ந்து பார்க்க நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும். ஆபீஸ் முதலாளிகள் கதவைத் திறந்து, "வந்து பாருங்க" என்று சொல்ல வேண்டும். பழகிய கை திரும்பி வந்தால் லாபம் அவர்களுக்கும்தானே?

புண் ஆறிய தேதியை ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதுகிறார்கள். அவள் மறுபடி சம்பளம் வாங்கிய தேதியையும் எழுதட்டும். வைத்தியம் முடிந்தது அன்றைக்குத்தான்!