புனிதர் வணக்கம்

கத்தோலிக்கர் புனிதரைத் தெய்வமாகத் தொழுகின்றனர் என்பார் பலர். அக்கூற்றுப் பொருந்தாது. ஆராதனை இறைவன் ஒருவனுக்கே உரியது. புனிதர்க்கு உரியது வணக்கம் மட்டுமே. திருவுருவங்களைப் பற்றி ஆராய்ந்த இரண்டாம் நிசேயாச் சங்கம், 787ஆம் ஆண்டிலேயே இவ்வேற்றுமையைத் தெளிவுறுத்தியது. நோயுற்ற காலத்து நண்பரை நோக்கி, "எமக்காக மன்றாடுக" என்கின்றோம் அன்றோ? மரணம் அன்பின் தொடர்பை அறுக்காது என நம்புதலால், விண்ணுலகு எய்தினாரையும் அவ்வாறே வேண்டுகின்றோம். வரம் அருள்வோன் இறைவனே.

எனினும், புனிதர் நமக்காக மன்றாடுவோர் மட்டும் அல்லர். நமக்கு முன்மாதிரியும் ஆவர். இதனை நாம் மறந்துவிடுகின்றோம். தேவசகாயத்தை நோக்குவோம். நட்டாலத்திற் பிறந்து, திருவிதாங்கூர் அரசில் அலுவல் பூண்டு, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற அவர் குருவும் அல்லர், துறவியும் அல்லர், இல்லறத்தார். சாதி வேற்றுமை பாராது எல்லாரோடும் கலந்து பழகினார். 1752இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15இல் உரோமையில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபொழுது, அவர் பெயர் சாதிப்பட்டமின்றியே வழங்கப்பெற்றது.

இங்ஙனமிருக்க, அவர் திருநாளிற் சப்பரம் தூக்கிய தோளினராகிய நாமே மணவினையிலும் கல்லறையிலும் சாதி பார்ப்போமாயின், அவ்வணக்கத்தால் யாது பயன்? மெழுகுதிரி ஏற்றுதலோடு நம் கடமை முடிந்ததன்று. மாணவ நண்பர்காள், அவர் நடந்த வழியில் நடக்க நாம் முற்படுவோமாக.