பன்னிரண்டாவது வேட்டு



கடந்த ஞாயிறு ஆராதனைக்குப் பின் நமது கட்டடக் குழு கூடியது. ஆலயச் சுற்றுச்சுவருக்கு வேண்டிய கருங்கல்லுக்கும் ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் வந்திருந்த மூன்று விலைப்புள்ளிகள் வாசிக்கப்பட்டன. எது குறைவு என்று ஒரு மணி நேரம் பேசினோம். அந்தக் கல்லைப் பாறையிலிருந்து பிரித்துத் தருகிறவர் யார், எந்த நிலையில் அந்த வேலையைச் செய்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வீடு திரும்பியபின் அது என் மனத்தை உறுத்தியது. உறுத்தியதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. அதை இதுவரை பிரசங்க பீடத்திலிருந்து நான் சொன்னதில்லை.

நான் இந்தப் பகுதியில் ஊழியம் தொடங்கிய நாட்களில் குருமனைக் கிணறு கோடையில் வற்றிவிடும். ஒரு வருஷம் அதை ஆழப்படுத்தத் தீர்மானித்தோம். அடியில் இருந்தது பாறை. மம்சாபுரத்தைச் சுற்றித் தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலை பக்கத்தில் இருப்பதால் மண் முடிந்ததும் கல் தொடங்கிவிடும், கடப்பாரையால் அதற்குமேல் ஒன்றும் ஆகாது. வேட்டு வைக்கத்தான் வேண்டும். சபையைச் சேர்ந்த மூத்தவர் ஒருவர் அந்தத் தொழிலில் இருந்தார். அனுமதிச் சீட்டு வைத்திருந்தவர். கல்குவாரிகளிலும் கிணறுகளிலும் நெடுங்காலம் வேலை பார்த்தவர். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம்.

அன்று சனிக்கிழமை. மறுநாள் அறுப்பின் பண்டிகை. கிரேனுக்கு நாள் வாடகை ஓடிக்கொண்டிருந்தது. கல் அள்ள ஆறு பேர் காத்திருந்தார்கள். பன்னிரண்டு குழிகள் போட்டு, மருந்து வைத்து, மண்ணிட்டு அடைத்து, திரிகளுக்குத் தீ வைத்துவிட்டு அண்ணாச்சி மேலே வந்தார். வேட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. புகை அடங்கியதும் நான் முன்னே வந்து, “பன்னிரண்டும் வெடித்துவிட்டன, அண்ணாச்சி. நானே எண்ணினேன். ஆட்களை இறக்குங்கள், இருட்டுமுன் முடித்துவிடலாம்” என்றேன்.

அவர் அசையவில்லை. “நான் பதினொன்றுதான் எண்ணினேன், ஐயா” என்றார்.

நான் விடவில்லை. இரண்டு சத்தம் ஒன்றாகக் கேட்டிருக்கும் என்றேன். கிரேன் வாடகையைச் சொன்னேன். மறுநாள் பண்டிகையைச் சொன்னேன். கடைசியில், இன்று எழுதவே கூசுகிறது, “விசுவாசம் வேண்டும், அண்ணாச்சி” என்றும் சொன்னேன். அவர் கிணற்று மேட்டில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். அன்று எவரையும் இறங்க விடவில்லை. திங்கட்கிழமை காலையில் தாம் மட்டும் இறங்கிப் பார்த்தார். கிழக்கோரத்தில் ஒரு குழியில் திரி பாதியில் அணைந்து, மருந்து அப்படியே இருந்தது. மேலே உடைகல் மூடிக்கிடந்தது. நான் இறக்கச் சொன்ன ஆறு பேரில் யாராவது ஒருவருடைய கடப்பாரை சனிக்கிழமை மாலையே அங்கே விழுந்திருக்கும்.

வெடி வைப்பவரின் தொழில் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது சத்தமும் புகையும். உண்மையில் அந்தத் தொழிலின் பெரும்பகுதி எண்ணுவதும் காத்திருப்பதும்தான். எத்தனை குழிகள் நிரப்பினோம், எத்தனை வெடித்தன என்று கணக்கு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் ஒன்று உயிரோடு இருக்கிறது என்று பொருள். சுரங்கச் சட்டத்தின் கீழ் வந்த 1961-ஆம் ஆண்டின் விதிகளும் இதைத்தான் சொல்லுகின்றன. திரி வைத்த வேட்டு ஒன்று வெடிக்காமற்போனால் 30 நிமிடம் கழியும்வரை அருகில் போகக்கூடாது. வெடிக்காத குழியிலிருந்து மருந்தைத் தோண்டி எடுக்க முயலக்கூடாது. சற்றுத் தள்ளி, அதற்கு இணையாக வேறொரு குழி போட்டு, அதை வெடித்தே இதைத் தீர்க்க வேண்டும். பழைய குழியின் அடிப்பகுதி மீதி நின்றால், அதைச் சோதிக்காமல் அங்கே மறுபடி துளையிடக்கூடாது. கல்குவாரியில் இந்த வேலைக்குத் தன்பாத்தில் தலைமையகம் கொண்ட சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்தின் சான்றிதழ் வேண்டும். இந்த விதிகளில் பல, யாரோ ஒருவருடைய கையோ கண்ணோ போனபின் எழுதப்பட்டவையாக இருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

அண்ணாச்சி தீ வைத்த அந்தத் திரிக்கும் ஒரு வரலாறு உண்டு. முற்காலத்தில் நாணற்குழலிலோ இறகின் தண்டிலோ கரிமருந்தை நிரப்பித் திரியாகப் பயன்படுத்தினார்கள். அது ஒரு நேரம் மெதுவாக எரியும், ஒரு நேரம் கண்ணிமைப்பதற்குள் எரியும். கொளுத்தியவர் ஓடித் தப்புவதற்குள் வெடித்துவிடும். அல்லது அணைந்துவிட்டது என்று திரும்பி வரும்போது வெடிக்கும். 1831-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியைச் சேர்ந்த வில்லியம் பிக்ஃபோர்டு என்பவர், கயிறு திரிப்பது போல நூலுக்குள் மருந்தை வைத்து முறுக்கி, சீராக எரியும் பாதுகாப்புத் திரியை உண்டாக்கினார். அவர் சுரங்கத் தொழிலாளி அல்லர், தோல் வணிகர். தம் ஊரின் தகரச் சுரங்கங்களிலும் செம்புச் சுரங்கங்களிலும் நிகழ்ந்த சாவுகளைத் தமக்குச் சம்பந்தமில்லாதவை என்று அவர் விட்டுவிடவில்லை. மற்றவர் பிழைத்துப்போக அவகாசம் கொடுப்பதையே தம் கண்டுபிடிப்பாக்கினார். நானோ அண்ணாச்சியிடமிருந்த அவகாசத்தைப் பிடுங்கப் பார்த்தேன்.

சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டதை மறந்திருக்கமாட்டீர்கள். அதன் பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். பிற்பகலில் நடக்கவேண்டியது மாலை இருட்டும்வரை தள்ளிப்போனது. சுற்றிலும் உள்ள வீடுகளிலிருந்து மக்களை அப்புறப்படுத்தியிருந்தார்கள். தொலைக்காட்சிகள் காத்திருந்தன, அதிகாரிகள் காத்திருந்தார்கள். வாடகை ஏறுகிறது, சீக்கிரம் பொத்தானை அழுத்துங்கள் என்று வெடி வைப்பவரை அங்கே யார் நெருக்கியிருக்க முடியும்? 2020 ஜனவரியில் கேரளத்தின் மரடு அடுக்குமாடிகளைத் தகர்த்தபோதும் குறித்த நேரம் தாண்டிற்று. ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போது காத்திருப்பதற்கு மரியாதை கிடைக்கிறது. காமிரா இல்லாத கல்குவாரியில், லோடு கணக்கில் கூலி பேசிய இடத்தில், வாசலில் டிப்பர்கள் வரிசையாக நிற்கும்போது, அதே காத்திருப்புக்குச் சோம்பல் என்று பெயர்.

நம்முடைய விருதுநகர் மாவட்டத்திலேயே, காரியாபட்டி அருகே ஆவியூர்ப் பகுதியில் கல்குவாரிக்கான வெடிபொருள்கள் இருந்த கிடங்கு 2024 மே 1 அன்று வெடித்தது. அங்கே வேலையிலிருந்த தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். உழைப்பாளர் தினத்தன்று! பட்டாசு ஆலை விபத்து என்றால் இந்த மாவட்டத்தில் ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு எழுகிறது. நம் உறவினர் யாராவது அங்கே வேலை செய்கிறார்கள். கல்குவாரியில் மடிகிறவர் பெரும்பாலும் வேறெங்கிருந்தோ வந்தவர். அவருக்காக நம் ஜெபக் குறிப்பேட்டில் ஒரு வரிகூட எழுதப்படுவதில்லை. ஆவியூர் விபத்து நடந்த வாரத்து ஞாயிறு ஜெபத்தில் நானும் அதைச் சொல்லத் தவறினேன்.

பிரசங்கி 10-ஆம் அதிகாரத்தில், கல்லைப் பெயர்க்கிறவனுக்கு அதனாலேயே காயம் நேரும் என்று ஞானி சொல்லியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு, தொழில் என்றால் ஆபத்து இருக்கத்தான் செய்யும் என்று ஆறுதல் அடைகிறவர்கள் உண்டு. அவர்கள் உபாகமம் 22-ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் படிக்கவேண்டும். புதுவீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும் என்பது அங்குள்ள கட்டளை. ஒருவன் தவறி விழுந்தால் அந்த இரத்தப்பழி விழுந்தவனுடைய கவனக்குறைவின்மேல் வைக்கப்படவில்லை. வீட்டின்மேல் வைக்கப்படுகிறது, அதாவது கட்டினவன்மேல். கல்லுக்குப் பணம் கொடுக்கிற நாமும், கிணறு வெட்டச் சொல்லுகிற நாமும் கட்டுகிறவர்கள்தானே?

தாவீது பெத்லகேமின் கிணற்றுத் தண்ணீருக்கு ஆசைப்பட்டதையும் நினைத்துப் பாருங்கள். மூன்று பேர் சத்துருவின் பாளயத்தைக் கடந்துபோய் மொண்டுவந்தார்கள். அவன் அதைக் குடிக்கவில்லை. அது அவர்களுடைய உயிரின் விலை என்று கண்டு, கர்த்தருக்கு முன்பாக ஊற்றிவிட்டான். இங்கே என் மனத்தில் ஒரு வழக்கு நடக்கிறது. நாம் அப்படி ஊற்றிவிட முடியாது. கோடையில் குருமனைக்கும் தெருவுக்கும் அந்தத் தண்ணீர் வேண்டும், ஆலயத்துக்குச் சுவரும் வேண்டும். கல்லே வேண்டாம் என்று சொன்னால் வெடி வைப்பவரின் அடுப்பும் எரியாது. ஆனால் தாவீது தன் ஆசைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கண்டுகொண்டான். அதையாவது நாம் செய்யலாம்.

காணிக்கைப் பணத்தைச் சிக்கனமாகச் செலவிடவேண்டாமா என்று கட்டடக் குழுவில் சிலர் கேட்பீர்கள். வேண்டும். விதவையின் காசும் அதில் இருக்கிறது. ஆனாலும் மூன்று விலைப்புள்ளிகளில் ஒன்று மட்டும் பெரிதும் குறைந்திருக்குமானால், அந்தக் குறைவு எங்கிருந்து வந்தது என்று விசாரிக்காமல் மகிழ எனக்கு மனம் வரவில்லை. வெடி வைப்பவருக்குச் சான்றிதழ் இருக்கிறதா, மருந்து வைக்கும் கிடங்கு உரிமம் பெற்றதா, வெடிக்கும் நேரத்தில் சங்கு ஊதிப் பாதையை மறிக்கிறார்களா, வேலை செய்கிறவர்களுக்குக் காப்பீடு உண்டா என்று கேட்பதற்கு ஒரு நாள் போதும். மம்சாபுரத்திலிருந்து கல்குவாரிக்கு நேரிலேயே போய்வரலாம். தோட்டக் கிணறு ஆழப்படுத்துகிறவர்களுக்கும் சொல்லுகிறேன்: 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளின்படி அனுமதிச் சீட்டுப் பெற்றவரையே அழையுங்கள். அவர் பொறுங்கள் என்று சொன்னால் கிரேன் வாடகையைப் பேசாதேயுங்கள்.

அண்ணாச்சி இப்போது இல்லை. கர்த்தருக்குள் நித்திரையடைந்து சில வருஷங்கள் ஆயின. அந்தத் திங்கட்கிழமை அவர் கிணற்றிலிருந்து மேலே வந்தபோது என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. காப்பி மட்டும் கேட்டார். அவரை அழக்கூட்டிக்கொண்டு போய்த் திண்ணையில் உட்கார வைத்தேன்; என் கை நடுங்கி டம்ளர் தளும்பிற்று. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். அன்று கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கட்டடக் குழு மறுபடியும் கூடும். விலைப்புள்ளி கொடுத்த மூவரையும் வரச்சொல்லியிருக்கிறேன்.