‘மிதக்கும்’ என்றொரு சொல்

‘டிறிங்கோமலி’ என, நமது திருகோணமலையின் ஆங்கில வடிவைப் பெயராகப் பூண்ட பிரித்தானியப் போர்க்கப்பலைக் குறித்து அன்பர் ஒருவர் எழுதிய கட்டுரை எமது பார்வைக்கு வந்துள்ளது. தேடி உழைத்து எழுதியிருக்கின்றார், நடையும் நன்று. ஆயினும் சில சொற்களை மாற்றும்படி அவரை வேண்டியுள்ளோம். ஆசிரியர் வகுப்பிலே படித்துக்காட்ட, மாணாக்கர் குறித்துக்கொள்ளக்கூடிய பொருளாதலின், காரணங்களை இங்கே கூறுதல் தகும்.

“உலகிலேயே மிகப் பழைய போர்க்கப்பல்” என்று கட்டுரை தொடங்குகின்றது. இக்கப்பல் நீரில் இறங்கியது 1817 ஒக்டோபர் 12இல். நெல்சனின் ‘விக்டரி’ 1765இலேயே இறங்கிவிட்டது. ஆனால் அது 1922 முதல் போட்ஸ்மத்தில் உலர்துறையில் நிற்கின்றது. அமெரிக்கரின் ‘கொன்ஸ்ரிற்றியூஷன்’ 1797இல் இறங்கி இன்றும் பொஸ்ரனில் நீர்மேல் இருக்கின்றது. ஆகவே, ‘இன்றும் மிதக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களுள் மிகப் பழையது’ என்பதே பொருந்தும். ‘மிதக்கும்’, ‘பிரித்தானிய’ என்னும் அடைகளுள் ஒன்று விடுபடினும் வாக்கியம் பொய்யாகிவிடும்.

எம்மைப் பெரிதும் உறுத்தியது, “ஆங்கிலேயர் கட்டிய கப்பல்” என்ற தொடர். கட்டளை இலண்டனிலிருந்து வந்தது. வரைபடமும் அங்கிருந்தே வந்தது. (1812இல் முதலில் அனுப்பிய படி, ‘ஜாவா’ என்ற கப்பலோடு தொலைந்தது. அக்கப்பலை வென்று அழித்தது மேற்சொன்ன ‘கொன்ஸ்ரிற்றியூஷன்’! இச்சுவையான செய்தியைக் கட்டுரையாளர் ஏனோ விட்டுவிட்டார்.) ஆனால், தேக்கு மரத்தை இழைத்துக் கப்பலாக்கியவர்கள் பம்பாய்த் துறையின் தச்சர்கள், அவர்களுக்குத் தலைவர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா என்னும் பார்சி. ஆங்கிலேயர் கட்டுவித்தனர், கட்டினாரல்லர். ‘வி’ என்னும் பிறவினை விகுதி ஒன்றைச் சேர்த்தால் அத்தச்சர்களின் உழைப்பு அவர்களுக்கே உரியதாகின்றது. இத்துணை எளிய வசதி தமிழில் இருக்க, அதனைக் கைவிடுவானேன்?

பெயர்க்காரணமாக, “1782இல் திருகோணமலையில் பெற்ற வெற்றியின் நினைவு” என்கின்றார். ‘போரின் நினைவு’ என்க. கோட்டை சில நாள்களுக்கு முன்னரே சப்ரனின் பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்திருந்தது. செப்தெம்பர் 3இல் பொருத ஹியூஸின் ஆங்கிலக் கடற்படை அதனை மீட்காமலே சென்னைக்குத் திரும்பியது.

இத்திருத்தங்களை அன்பர் மனமுவந்து ஏற்றுக்கொண்டார். எஞ்சியது “நமது கப்பல்” என்னும் தலைப்பு. கப்பல் நிற்பது இங்கிலாந்தின் ஹாட்டில்பூலில். மரமும் உழைப்பும் இந்தியாவினுடையவை. நமக்குள்ள உறவு பெயரளவே. அப்பெயரும் நெடுங்காலம் ‘பூட்ரோயன்’ என மாறியிருந்து, 1992இலேதான் மீண்டது. ‘நம்மூர்ப் பெயர் தாங்கிய கப்பல்’ என்று மாற்றலாமே என்றோம். அதற்கு மட்டும் அவர் இன்னும் இசையவில்லை.