மொபெட்டைத் தனியே எண்ண வேண்டும்

நகரப் போக்குவரத்து பற்றிய நம் ஆய்வேடுகளில் மிதிவண்டி ஏழ்மையின் அடையாளமாகவோ சூழலியல் அறத்தின் அடையாளமாகவோ வருகிறது. மோட்டார் சைக்கிள் முன்னேற்றத்தின் அடையாளமாக வருகிறது. மொபெட்டை, முன்னதிலிருந்து பின்னதற்குப் போகும் வழியில் வாங்கப்படும் தற்காலிகப் பொருளாகக் கருதிக் கடந்துவிடுகிறோம். மட்டாஞ்சேரியில் களப்பணி செய்துவரும் எனக்கு இக்கருத்து ஏற்புடையதாக இல்லை.

மட்டாஞ்சேரி மிதிவண்டிக்கென்றே அமைந்தாற்போன்ற ஊர். கடல்மட்டத்தை ஒட்டிய சமநிலம், குறுகிய சந்துகள். பஜார் சாலையில் ஒரு சரக்கு லாரி நின்றுவிட்டால் கார்கள் நகர முடியாது. ஆயினும் இங்கே மொபெட்டைத் தேர்ந்தவர்களுக்கு முதற்காரணம் சுமை. அருகே ஃபோர்ட் கொச்சியிலுள்ள தோபிகானாவில் தலைமுறைகளாகத் தொழில் செய்யும் தமிழ் வண்ணார் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். சலவைத்துணி மூட்டை எடையைவிடப் பருமனில் பெரியது. மிதிவண்டியின் பின்கேரியரில் கட்டினால் முன்சக்கரம் பிடிமானம் இழக்கும். மோட்டார் சைக்கிளில் அது இருக்க வேண்டிய இடத்தைப் பெட்ரோல் டாங்கி அடைத்துக்கொண்டிருக்கிறது. மொபெட்டிலோ இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே வெற்றிடம் உண்டு. மூட்டை ஓட்டுநரின் காலடியில், இரு சக்கரங்களுக்கும் இடையில், தாழ்வாக அமர்கிறது. பாரம் தாழ்ந்தால் வண்டி தள்ளாடுவதில்லை. பின்னிருக்கையைக் கழற்றிவிட்டால் இன்னொரு மூட்டைக்கும் இடமுண்டு.

கியர் மாற்ற வேண்டியதில்லை. வேட்டியோ சேலையோ கட்டியவர் காலைத் தூக்கிப் போடாமல் ஏறலாம். ஸ்ப்ளெண்டர் 112 கிலோ, டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 அதனினும் இருபது கிலோவுக்கு மேல் குறைவு. அறுபதைக் கடந்தவருக்கு, நின்ற வண்டியைத் தள்ளித் திருப்புகையில் இந்த இருபது கிலோதான் தீர்ப்புச் சொல்லும். தோப்பும்படி, வில்லிங்டன் தீவு, வெண்டுருத்திப் பாலம் வழியே எர்ணாகுளம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். மழைக்காலத்தில் சுமையோடு பாலமேற மிதிவண்டியைப் பரிந்துரைப்பவர்கள் ஒருமுறை மிதித்துப் பார்க்கலாம்.

ஸ்கூட்டர் போதாதா என்று வினவுவர். சக்கரம் சிறிது, குழி நிறைந்த தெருவில் 16 அங்குலச் சக்கரம் தரும் நிதானம் அதற்கில்லை. மேலுறையோ மூட்டை உரசி உடையும். மொபெட்டுக்கும் குறைகள் உண்டு. வேகம் குறைவு, டிரம் பிரேக், பாரம் மிகுந்தால் இடைப்பள்ளிப் புறவழிச்சாலை அதற்கு ஆபத்தான இடம். இவற்றை அறிந்தே மக்கள் வாங்குகின்றனர்.

1972இல் லூனாவும், 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50உம் வந்தபோது மிதிக்கட்டை இருந்தது. மோட்டாரையும் பெடலையும் சேர்த்தே 'மொபெட்' என்ற சொல் ஸ்வீடனில் பிறந்தது. இன்று மிதிக்கட்டை போய்விட்டது. பெயர் மட்டும் நிற்கிறது. 2020இல் பி.எஸ். 6 மாசு விதிகள் வந்தபோது எரிபொருள் உட்செலுத்தும் முறைக்கு மாறி எக்ஸ்.எல். 100 பிழைத்தது. ஏறக்குறைய ஒரே நிறுவனத்தை நம்பி ஒரு வாகன வகையே நிற்பது கவலைக்குரியது.

நம் துறையின் பொறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டு உடைமைப் பட்டியலில் மிதிவண்டிக்குத் தனி இடமுண்டு. ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள், மொபெட் மூன்றும் ஒரே கட்டத்தில் அடைக்கப்பட்டன. வாகன உற்பத்தியாளர் சங்கமோ மொபெட் விற்பனையைத் தனியே வெளியிடுகிறது. விற்பவர் அறிந்த வேறுபாட்டை ஆராய்பவர் அறியாதிருக்கிறார்! விளைவு கண்கூடு. மின்வாகனங்களில் பெரும்பாலானவை தலைக்கவசம் வைக்க இருக்கையடியில் பெட்டி கொண்ட ஸ்கூட்டர்களே. 2024இல் வந்த மின் லூனா போன்ற விதிவிலக்குகள் சில.

களஆய்வுக்குப் புறப்படும் மாணவர்கள் தம் வினாநிரலில் 'இருசக்கர வாகனம் உண்டா' என்பதோடு நிறுத்தாமல், எவ்வகை, அதில் எதை ஏற்றுகிறீர்கள், எவ்வளவு தொலைவு என்னும் மூன்று வினாக்களையும் சேர்க்க வேண்டுகிறேன்.